நூம்பல் கல்யாணத்தில் நான் போட்ட பாட்டு

அண்ணனூர்,
22.8.1993

அன்பு மகன் எட்மண்டுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் தங்கை அருள்செல்வியும் சுகம், பஹ்ரைன் வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் எங்கள் நினைப்பு. உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அப்பா விட்டுப்போன சவுண்ட் செட்டை விற்றுவிடு, டிசம்பரில் உன்னைப் பார்க்கப் பெண் வீட்டார் வரும்போது வாசலில் ஸ்பீக்கர் பெட்டி இருக்கக்கூடாது, ஐம்பது வயதுப் பொம்பளை கல்யாண வீட்டில் நின்று கேசட் போடுவது அசிங்கம் என்று எழுதியிருந்தாய். நூம்பல் கல்யாணத்தில் நான் சண்டை போட்டதாக உன் சிநேகிதன் கோதண்டம் சொன்னானாம். அவன் பந்திக்கு மட்டும் வந்து போனவன், நடந்ததை நான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் நம்மைப் போல வேதக்காரர்கள், பெண் கெங்கம்மாளின் மகள், அம்மன் கும்பிடுகிற குடும்பம். வரவேற்புக்கு எங்கள் பாட்டுதான் போட வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் தனித்தனியாகச் சொன்னார்கள். நான் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரே கேசட்டாகக் கலந்தேன். நம் மாதா கோயில் வயலினை ஒரு டேப் டெக்கிலும் அம்மன் பம்பை மேளத்தை இன்னொன்றிலும் போட்டு, மோட்டார் திருகைச் சின்ன ஸ்குரூ டிரைவரால் மயிரிழை திருப்பி வேகத்தைச் சரிசெய்து, இரண்டின் தாள அடியும் ஒன்றாக விழுகிற இடத்தில் ஒன்றின் சத்தத்தை இறக்கி மற்றதை ஏற்றினேன். எங்கே மாறியது என்று கேட்கிறவருக்குத் தெரியக்கூடாது, கால் மட்டும் தாளம் போட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் வளர்ந்த ஆவடி குவார்ட்டர்ஸில் பஞ்சாபி, மலையாளி, வங்காளி எல்லாரும் ஒரே வரிசையில் இருந்தார்கள், குழாயடியில் குடத்தோடு நின்றால் ஆறு ரேடியோவில் ஆறு பாஷை கேட்கும். ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியம், ஆடியில் பம்பை, மொகரத்துக்கு மேளம். எது யாருடையது என்று நான் பிரித்துக் கேட்டதே இல்லை. அப்பா காலத்திலும் ஒயர் இழுத்தது அவர், பாட்டு எடுத்தது நான், ஊருக்குத்தான் தெரியாது.

கேசட் பாதி ஓடும்போது பெண்ணின் மாமன் செங்கல்வராயன் வந்து பிளக்கைப் பிடுங்கினார். "இன்னாம்மா, ஆத்தா பாட்ட சர்ச்சு பாட்டோட கலக்கிகினு கீறே? எங்க பாட்ட தனியா போடு, இல்லன்னா செட்ட கட்டிக்கினு கெளம்பு" என்றார். பந்தலே திரும்பிப் பார்த்தது. ஆனாலும் "ரெண்டு ஊட்டாரும் ஒரே பந்தல்ல கீறாங்க, பாட்டு மட்டும் இன்னாத்துக்கு தனியா ஒக்காரணும்?" என்று கேட்டுவிட்டுப் பிளக்கைத் திரும்பச் செருகினேன். அவர் மறுபடி பிடுங்கினார். அப்போது கெங்கம்மாள் பந்தியை விட்டு வந்தாள், அண்ணன் கையிலிருந்து பிளக்கை வாங்கித் தானே செருகி, ஒரு நாற்காலியை இழுத்து சுவிட்சுப் பெட்டியை மறைத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவர் சாப்பிடாமல் போய்விட்டார். கேசட் கடைசிவரை ஓடியது, மணமேடையில் இருந்த பெண்ணும் பிள்ளையும் இறங்கி வந்து ஆடினார்கள்.

அதற்கப்புறம் செங்கல்வராயன் சொல்லி இரண்டு அம்மன் கோயில் கமிட்டி இந்த ஆடிக்கு என்னைக் கூப்பிடவில்லை. நம் சர்ச் பங்கிலும் திருவிழாவுக்கு வேறு ஆளைச் சொல்லிவிட்டார்கள், பம்பைக்காரி என்று என் காதுபடவே பேசுகிறார்கள். பேசட்டும். நான் திருடவில்லை, யார் சாமியையும் கேலி செய்யவில்லை, காதுக்குச் சரியென்று பட்டதைப் போட்டேன், நாளைக்குக் கூப்பிட்டாலும் அதையேதான் போடுவேன். பெண் வீட்டார் வரட்டும், உன் அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்டால் நீ வாயை மூடிக்கொண்டாலும் நான் சொல்வேன். உனக்கு வெட்கமென்றால் உன் கல்யாணத்துக்கு வேறு செட் வைத்துக்கொள், பட்டுப்புடவை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். மனசு கஷ்டப்படும், மறைக்கமாட்டேன். ஆனால் செட்டை விற்கமாட்டேன் எட்மண்ட், இதை இன்னொரு தரம் எழுதாதே.

கண்ணுக்கு மருந்து விடுகிறாயா, வெயிலில் தொப்பி இல்லாமல் வேலைக்குப் போகாதே. மாதா உன்னைக் கைவிடமாட்டாள், நல்ல பெண்ணோடு நூறு வருஷம் நீ நன்றாக இரு. டிசம்பரில் வரும்போது எனக்குப் புடவை வேண்டாம், அங்கே அரபுக்காரர்கள் கல்யாணத்தில் போடுகிற கேசட் இரண்டு வாங்கி வா, மேளம் அதிகமாக இருக்கிறதாகப் பார்த்து வாங்கு.

உன்னைப் பெற்றவள்,
சகாயமேரி