செம்மரப் புத்தகம் கேட்டு வந்தவன்

நகரி

சிரஞ்சீவி தணிகைவேலுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், சூரத்தில் நீயும் அப்படியே இருக்கத் திருத்தணி முருகன் துணை நிற்கட்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் பேசுகிற விஷயம் இல்லை, அதனால்தான் சேலை எடுக்க அங்கே வரும் சிட்டிபாபுவிடம் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

எங்கள் கிரந்தாலயத்தின் புத்தக வண்டியைச் சனி, ஞாயிறுகளில் திருப்பதி மியூசியத்துக்கு உள்ளேயே கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்று சொன்னேன் அல்லவா. மலைமேல் தரிசனத்துக்கு டோக்கன் வாங்கினவர்கள் பொழுது போக அங்கே வருகிறார்கள், சிலைகளையும் பழைய காசுகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மரத்தடியில் உட்காருகிறார்கள். நாங்கள் பாயை விரித்து வண்டியின் பக்கக் கதவைத் திறந்தால் போதும், பிள்ளைகள் ஓடிவந்துவிடும். தெலுங்கு, தமிழ், கன்னடம் எல்லாம் வைத்திருக்கிறேன், போகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் அவ்வளவுதான். உள்ளே பார்த்த சிலைக்கு ஏன் பன்றி முகம் என்று கேட்ட ஒரு பெண்பிள்ளைக்கு வராக அவதாரக் கதையை எடுத்துக் கொடுத்தேன், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவள் அப்பா இழுத்தும் எழுந்திருக்கவில்லை. எனக்கும் டிரைவர் மோகன்ராஜுக்கும் டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது, ஆனாலும் அந்த வேலை பிடித்திருந்தது.

ஆடி மாதத்தில் ஒருவன் வந்தான். புதிதாக மொட்டை அடித்துச் சந்தனம் பூசின தலை, வெள்ளைச் சட்டை, உன்னைவிட நாலைந்து வயது பெரியவன். மரங்களைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா என்று தெலுங்கில் கேட்டான், கொடுத்தேன். ஒரே பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான், புரட்டவே இல்லை. அடுத்த வாரமும் வந்தான். வேண்டுதலுக்கு வந்தவன் இன்னுமா ஊர் திரும்பவில்லை என்று மனசில் பட்டது. அதற்கடுத்த வாரம் வந்தபோது தலையில் முடி முளைத்திருந்தது. அன்றைக்குச் செம்மரம் படம் இருந்த பக்கத்தில் விரலை வைத்தபடி புத்தகத்தை நீட்டி, நம் ஊர்த் தமிழில், “பெரியவரே, உம் புள்ளைக்கு சூரத்துல துன்றதுக்கு சோறு கெடைக்குதா, இல்ல ரொட்டிதானா” என்றான். நீ எங்கே இருக்கிறாய் என்று நம் சொந்தக்காரர்களுக்குக்கூடச் சொல்லவில்லையே அப்பா. எனக்குப் புள்ளையே இல்லை என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போனைக் காட்டினான். மில் கேட், உன் பைக், பக்கத்தில் நீ. “நல்லாத்தான் கீறான். கோர்ட்டுக்கு வந்து ஒடம்பக் கெடுத்துக்க வேணாம்னு சொல்லு” என்றவன், பாயில் படித்துக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் தலையைத் தடவிவிட்டுப் போனான்.

திருட்டுச் செம்மரக் கட்டை ஏற்றின லாரி ஃபாரஸ்ட் வாட்சர் சண்முகத்தின்மேல் ஏறினதைக் கண்ணால் பார்த்தவன் நீ ஒருவன்தான். அடுத்த மாதம் உன்னைச் சாட்சிக்குக் கூப்பிடப்போகிறார்கள், அது அவர்களுக்கும் தெரியும்.

அம்மாவிடம் மறைக்கப் பார்த்தேன், என் முகத்தைப் பார்த்தே கேட்டு வாங்கிவிட்டாள். அடுத்த ஞாயிறு தறியை நிறுத்திவிட்டு எங்களோடு வண்டியில் ஏறினாள். அவன் வந்தான். “எம் புள்ளையப் பத்தி இன்னா கேக்கணுமோ எங்கிட்ட கேளு, கெழவனாண்ட இன்னாத்துக்கு வம்பு பண்ணிக்கினு கீற” என்று அவள் போட்ட சத்தத்தில் மியூசியம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவனுக்குக் கோபமே வரவில்லை. குனிந்து அவள் காலைத் தொட்டு, “ஆசீர்வாதம் பண்ணும்மா, ஒரு வேலையா வெளியூர் கெளம்பிக்கினு கீறேன்” என்றான். பழக்கத்தில் அவள் கை அவன் தலைக்குப் போய்விட்டது, நல்லா இருப்பா என்று வாயும் சொல்லிவிட்டது. அன்று முழுக்க அந்தக் கையால் அவள் சோறு பிசையவில்லை.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. தொல்லை விட்டது என்கிறான் மோகன்ராஜ், எனக்கு அவன் வராததுதான் பயமாக இருக்கிறது. எந்தக் குழந்தையாவது மரப் புத்தகம் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். போலீசில் போய்ச் சொன்னோம், எழுதிக்கொண்டார்கள், நீ இங்கே வந்தால் பாதுகாப்புத் தருவார்களாம். அங்கே யார் தருவார்கள்? ஆகையால் இதைப் படித்த கையோடு அறையைக் காலி செய், பைக்கை அங்கேயே விட்டுவிடு, எங்கே போகிறாய் என்று எனக்கும் சொல்லாதே. மொட்டைத் தலையைத் தேடிக்கொண்டிருக்காதே, இந்நேரம் நன்றாக முடி வளர்ந்து அவன் எல்லாரையும் போலத்தான் இருப்பான்.

சாட்சிக்கு வரவேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நேற்று அம்மா சண்முகத்தின் பெண்டாட்டி சுந்தரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் வீட்டு வாசலுக்கும் யாரோ வந்து போகிறார்களாம். “தணிகை வரலன்னா நான் தப்பா நெனைக்க மாட்டேன்க்கா, பெத்த வயிறு எனக்கும் கீது” என்றாளாம். அதைக் கேட்டபிறகு வராதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை, வா என்று எழுதத் தைரியமும் இல்லை. நீயே யோசித்துக்கொள். வருவதானால் வீட்டுக்கு வராதே, நேராகச் சித்தூர் கோர்ட்டுக்குப் போ. வேளைக்குச் சாப்பிடு, தெரியாதவர்கள் கொடுப்பதை வாங்காதே. சகல கண்டமும் நீங்கி நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். படித்ததும் இதைக் கிழித்துவிடு. நீ வந்தாலும் வராவிட்டாலும், கேஸ் கூப்பிடுகிற அன்றைக்கு நானும் அம்மாவும் கோர்ட்டில் சுந்தரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

இப்படிக்கு
உன் நைனா
முனிகிருஷ்ணன்