பின்சீட்டில் பிரேக் இல்லை

மகாராணிக்கு,

சாவி செருப்பு அலமாரி மேல் இருக்கிறது. குழம்பைச் சூடாக்கி மூடிவைத்திருக்கிறேன். குழாய் ரிப்பேர்க்காரர் வந்தால் குளியலறையைக் காட்டு.

நான் நடுக்குவாத நோயாளிகள் சங்கத்தின் ஊர்வலத்தில் இரட்டைச் சைக்கிள் ஓட்டப் போகிறேன், பின்சீட்டில். முன்சீட்டில் இருப்பவர் "பள்ளம்" என்று குரல் கொடுக்கவேண்டும் என்பது விதி. நேற்று ஒத்திகையில் முன்சீட்டில் இருந்த நீ "ஐயையோ" என்றாய். கட்டின பெண்டாட்டியிடம் நான் எல்லார் எதிரிலும் கத்தியது தப்புதான். "அப்ப வேற ஆளப் பாத்துக்குங்க" என்று நீயும் இறங்கிப் போய்விட்டாய்.

வேறு ஆள் கிடைத்துவிட்டார்: சங்கத் தலைவரேதான்! "பின்னால் அமர்வது நோயாளி அல்ல, நம்பிக்கை" என்று முழங்குவார். முழங்கும்போது இரண்டு கையையும் வீசுவார். ஓட்டும்போதும் முழங்குவார். நம்பிக்கையின் சீட்டிலோ பிரேக் கிடையாது.

எழுத்து கோணலாக இருந்தால் வியாதி என்று நினைத்துக்கொள்.

பி.கு.: பூங்கா வாசலிலிருந்துதான் கிளம்புவோம். தலைவர் முதலில் பேசுவார், அதனால் நீ மெதுவாகவே வரலாம். ஆனால் வா. "ஐயையோ" என்றே சொல், எனக்குப் புரியும்.

இன்னொன்று: நடுக்கம் வலது கைக்கு மட்டும்தான் என்றார் டாக்டர். காகிதத்தைப் பிடித்திருக்கும் இடது கையும் இப்போது ஆடுகிறது.