சேவியர் கைக்கு ஒரு லென்ஸ்

ஜூன் 3, செவ்வாய்

விடியலிலிருந்து சாரல். பனி ஜன்னல் வரை வந்து நிற்கிறது. ஜெனியின் யூனிஃபார்ம் காயவில்லை. பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரமே ஈரப் பாவாடை.

கேமராவை வெளியே எடுத்தேன். லென்ஸ் பாழாகிவிட்டது. ஈரம் பிடிக்கக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சேவியர் அதைத் தனியாகக் கழற்றி அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருக்கிறார். உப்பு, தீப்பெட்டி, பச்சை விறகு வைக்கிற இடம். மழைக்காலத்தில் இந்த எஸ்டேட் லயத்தில் எந்த வீட்டிலும் காய வேண்டியது எதுவானாலும் அங்கேதான் போகும். லென்ஸும் போயிருக்கிறது. நன்றாகவே காய்ந்திருக்கிறது, கரியும் எண்ணெய்ப் பிசுக்குமாக. ஜூம் வளையத்தைத் திருப்பினால் நறநற. உள்ளே வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் இதழ்கள் ஒட்டிக்கொண்டன.

கத்தினேன். நல்லதுக்குத்தானே வைத்தேன் என்றார். நல்லதுக்குத்தான். கருவாடும் அங்கேதான் தொங்குகிறது.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். இந்த மாதக் கடைசியில் நான் குவைத்தில். விசா வந்தாயிற்று. வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற ஹோம் நர்ஸ் வேலை. முதல் லீவு இரண்டு வருடம் கழித்து. ஜெனிக்கு இப்போது ஏழு. மழை பெய்தால் இங்கே போனில் முகம் பார்த்துப் பேச முடியாது, பாதியில் உறைந்துவிடும். சேவியரின் போன் அவர் ஓட்டும் ஜீப்பில் விழுந்து கேமராக் கண்ணாடி கீறல். ஆக, பிள்ளை வளர்வதை நான் பார்க்கப்போவது இந்தக் கேமராவில் சே. எடுத்து அனுப்பும் படத்தில்தான். இதுவரை இந்த வீட்டில் படம் எடுத்தது நான் மட்டும். அவர் எடுத்தால் தலை இருக்காது.

ஒரு லென்ஸ் வாங்க வேண்டும். ஒன்றே ஒன்று, எல்லாவற்றுக்கும். பழையது போதும்.

ஜூன் 5, வியாழன்

மழை. கரண்டு இல்லை. மெழுகுவர்த்தி வாங்க.

பார்த்துவைத்தவை (எண் சின்னதானால் அகலம், பெரிதானால் தூரம்):

18–55. செத்துப்போனதன் தம்பி. மலிவு. இருட்டில் குருடு. நம் வீட்டில் எப்போது வெளிச்சம்?

50, ஜூம் இல்லாதது. படம் அவ்வளவு அழகு. ஆனால் நம் கேமராவுக்குச் சென்சார் சின்னது, 50 மாட்டினால் 80 மாதிரி நெருக்கிக் காட்டும். ஜெனியை முழுசாக எடுக்கப் பின்னால் போனால் முதுகு சுவரில் இடிக்கும், அப்போதும் பாதம் வராது. சுவரை இடித்தால் அடுத்த வீட்டு அடுப்படி.

18–135. எட்டிப் பிடிக்கும். சே. ஓட்டு இதற்குத்தான்.

17–50, எஃப் 2.8. வீட்டுக்குள் அகலம் கிடைக்கும். வெளிச்சம் அள்ளும். கனம். தூரம் போகாது.

பழைய படங்களைத் திறந்து எதை எந்த அளவில் எடுத்தேன் என்று பார்த்தேன். வீட்டுக்குள் எடுத்தது முழுக்க 18, 20, 24. கடைசி வரை திருப்பி 55-ல் எடுத்தது திருவிழாத் தேர் மட்டும். நான் எதை ஆசைப்படுகிறேன் என்பதற்கும் எதை எடுக்கிறேன் என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

சே. விடுவதாக இல்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கடைசி வரிசையில்தான் இடம் கிடைக்குமாம், அங்கிருந்து ஜெனியை எப்படி எடுப்பது? ஆண்டு விழா வருடத்துக்கு ஒரு நாள், சோறு தினமும் என்றேன். சோற்றை எதற்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். கிண்டல் இல்லை.

ஜூன் 7, சனி

கொஞ்சம் வெயில். துணியெல்லாம் வெளியே.

இதழ் ஒட்டிய பழைய லென்ஸிலும் படம் ஒருமாதிரி விழுகிறது. பழகட்டும் என்று சே. கையில் கொடுத்தேன். ஜெனியை எடுங்கள் என்றேன். ஜெனி அப்போது வாசலில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள், மூக்கு ஒழுக.

நடந்தது: சே. அடுத்த வீட்டுக்குப் போய் அவர் அக்காவைக் கூட்டி வந்தார். மதினி பவுடர் டப்பாவோடு வந்தார். ஜெனிக்கு முகம் கழுவி, பவுடர் அப்பி, ஞாயிற்றுக்கிழமைக் கவுன் மாட்டி, ஏசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே நிறுத்தினார்கள். கை இரண்டும் பக்கவாட்டில். ஆதார் கார்டு. கிளிக்.

வேண்டாம், இருக்கிறபடியே எடுங்கள் என்றேன். மதினிக்குப் பொறுக்கவில்லை. "வீட்டுத்துணியோட போட்டோ எடுத்தா வெளிநாட்டுக்கு அனுப்புறது? அங்க உள்ளவுக பாத்தா நம்மள என்னன்னு நெனப்பாக?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கே போட்டோ என்றால் கல்யாணம், பிள்ளைகள் சர்ச்சில் வாங்கும் புதுநன்மை, சவப்பெட்டி. மூன்றுக்கும் நல்ல துணி. அங்கே யாரும் பார்க்கப்போவதில்லை, நான் மட்டும்தான் என்று பொறுமையாகச் சொன்னேன். சாப்பிடும்போது எடுங்கள். தலை வாரும்போது. தூங்கும்போது. அழும்போது.

"அழும்போதுமா?" சே. கேட்டார்.

அழும்போதும்.

ஜூன் 10, செவ்வாய்

அடிமாலி. பழைய கேமரா விற்கும் கடை. ஜெனியைப் பள்ளியில் விட்டுவிட்டு இருவரும் பஸ்ஸில். சே. வழியெல்லாம் டிரைவரின் கியர் மாற்றலைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

கடைக்காரர் என்னிடம் 18–135-ஐ நீட்டினார், இதுதான் எல்லோரும் கொண்டுபோவது என்று. 17–50-ஐயும் கேட்டு வாங்கினேன். கூர்மை, மூலையில் மங்கல் என்று ஏதேதோ சொன்னார். நம் வீட்டு மூலையில் விறகுதான் இருக்கிறது, மங்கட்டும். அப்புறம் அவரே கேட்டார்: "சேச்சி, படம் எடுக்கப்போறது ஆரு?"

யோசிக்க வைத்துவிட்டார். இரண்டையும் சே. கையில் கொடுத்து, கடையின் இருட்டு மூலையில் நான் போய் நின்றேன். ஜீப் ஹாரனை அழுத்துவது போல அழுத்துகிறார். கேமரா முழுசாக ஒரு குலுக்கல். பின்னால் போகிறேன் என்று ஸ்டூலில் மோதி உட்கார்ந்தும்விட்டார். 18–135-ல் என் முகம் புகை. 17–50-ல் முகம் இருக்கிறது, ஆனால் இரண்டு மூக்கு.

அதே 17–50, கையாட்டத்தை அடக்கும் வசதியோடு இன்னொன்று அலமாரியில். மாட்டி எடுத்தோம். ஒரே மூக்கு. தலையும் இருந்தது.

விலையைக் கேட்டதும் சே. டீ குடிக்கப் போகலாம் என்றார். குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். தூசி உண்டு, பூஞ்சை இல்லை. வாங்கியாயிற்று. ஆண்டு விழாவுக்கு முன் வரிசையில் இடம் பிடித்துக்கொள்ளட்டும்.

ஜூன் 14, சனி

மழை விடாமல். லென்ஸுக்கு இறுகிய மூடி போட்ட டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். பரண் பக்கமே போகக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

கேமராவின் டயலை ஒரே இடத்தில் வைத்து மேலே காயத்துக்குப் போடும் பிளாஸ்டரை ஒட்டினேன். சே. நகர்த்த வேண்டியது ஜூம் வளையம் மட்டும். இடப்பக்கம் திருப்பினால் அறை முழுக்க, வலப்பக்கம் முகம். இரண்டு கியர்தானே என்றார். மூச்சைப் பிடித்து மெதுவாக அழுத்தவும் வந்துவிட்டது. மனசு வைத்துச் செய்கிறார். அவர் மேல் ரொம்ப நாளைக்குப் பிறகு ஆசையாக இருந்தது.

வாங்க: ஊறுகாய் பாட்டில், ஜெனிக்கு மழைக்கோட்டு (ஒரு அளவு பெரிதாக. இரண்டு அளவு?).

ஜூன் 21, சனி

நெடும்பாசேரி விமான நிலையம். உள்ளே வந்துவிட்டேன். ஏசி.

காலையில் வாசலில் எல்லோரும் வரிசையாக நின்று படம். மதினி, அடுத்த வீட்டுக்காரர்கள், எல்லோருக்கும் பவுடர். இன்றைக்கு நானும் பூசிக்கொண்டேன். ஜெனி சொன்ன இடத்தில் நின்றாள், சொன்னபோது சிரித்தாள், முத்தம் கொடுத்தாள், டாட்டா காட்டினாள். பிள்ளை கெட்டி, அழவேயில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, நிம்மதியாக வண்டி ஏறினேன். நேரியமங்கலம் பாலம் வரைக்கும் நிம்மதி. அப்புறம் நான்தான் அழுதேன்.

ஜூன் 25, புதன்

வெயில் என்றால் வெயில். துவைத்த துணி பிழிந்து முடிப்பதற்குள் காய்கிறது. நான் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு என் பெயர் வாயில் வரவில்லை. நல்ல மாதிரி.

முதல் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கவுன், பவுடர், திருஇருதயம், கை பக்கவாட்டில், சிரிப்பு. புதன்கிழமை! படத்தில் ஒரு குறையும் இல்லை, வேறு ஒன்றும் இல்லை. இதற்கு 18–55 போதுமே. வாய்ஸ் மெசேஜில் திட்டினேன். பிறகு கேட்டுப் பார்த்தேன், கொஞ்சம் அதிகம்தான்.

ஜூன் 30, திங்கள்

அம்மா தூங்குகிறார். மதியம்.

சே. படம் அனுப்பியிருக்கிறார். அடுப்படி. 17-ல் எடுத்தது, அறை முழுக்க வந்திருக்கிறது. ஆட்டம் இல்லை. கொடியில் யூனிஃபார்ம், அடுப்பில் குக்கர், தரையில் தட்டு. தட்டுக்கு முன்னால் ஜெனி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். முதுகு மட்டும். கோணல் பின்னல், சே. போட்டதாக இருக்கும்.

கூடவே அவர் குரல்: "எத்தனையோ மட்டம் கூப்ட்டேன் பிள்ள, திரும்பல. அம்மாவுக்குத்தான்னு சொன்னேன். சொன்ன பெறகு சுவரோட ஒட்டிக்கிட்டா. தெனமும் இப்படித்தான், உம் பேரு எடுத்தா பேச்சே கெடயாது. அதான் மொதல்ல கவுனப் போட்டு எடுத்து அனுப்புனேன். நீதான் இருக்கபடியே எடுக்கச் சொன்ன."

பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னலில் ஒவ்வொரு முடியும் தெரிகிறது. காதுக்குப் பின்னால் கொசுக்கடி. திரும்பாத தோள்.

பதில் எழுதினேன்: நல்லா வந்திருக்கு. நாளைக்கும் எடுங்க. அவளைக் கூப்பிட வேண்டாம்.