எங்கள் அப்பா ஜெனரல் அல்ல

அனுப்புநர்:
டெஸ்ஸா டக்கெட் (வயது 15),
பள்ளி மாணவி,
மனை எண் 31, டிரெய்லர் குடியிருப்பு,
ஹார்லன் ஃபெர்ரி, கான்சாஸ்.

பெறுநர்:
பிரதிநிதிகள் சபை உறுப்பினர் அவர்கள்,
தொகுதி அலுவலகம்.

பொருள்: இராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட என் தந்தை ராய்ஸ் டக்கெட்டின் சான்றிதழில் உள்ள ஒரு சொல்லை மாற்ற உதவக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் தந்தை 2018-இல் ஆறாண்டு ஒப்பந்தத்தில் இராணுவத்தில் சேர்ந்து, வாகனப் பழுதுபார்ப்புப் பிரிவில் கார்ப்பரலாக இருந்தார். கோவிட் தடுப்பூசி கட்டாயமானபோது, தம் மத நம்பிக்கையைக் காரணம் காட்டி விலக்கு கேட்டார். கிடைக்கவில்லை. ஊசியும் போட்டுக்கொள்ளவில்லை. ஆகவே 2022 வசந்தத்தில், ஒப்பந்தம் முடியுமுன் விடுவிக்கப்பட்டார். ஊசி சரியா தவறா என்று வாதிட நான் வரவில்லை. அம்மாவும் நானும் போட்டுக்கொண்டோம். அதுபற்றி எங்கள் சமையலறையில் நடந்த சண்டைகள் இம்மனுவுக்குத் தேவையற்றவை. அப்பாவும் நடந்ததை மறுக்கவில்லை. "மாட்டேன்னு சொன்னேன், அனுப்பிட்டாங்க. சரி, போகட்டும். ஆனா நாலு வருசம் வண்டிக்கு அடியில கெடந்தேனே, அது எங்க போச்சு?" என்றுதான் கேட்கிறார்.

2. அவருடைய சான்றிதழில் 'மதிப்பார்ந்த விடுவிப்பு' என்பதற்குப் பதிலாக, அதைவிட ஒரு படி தாழ்ந்த 'ஜெனரல் விடுவிப்பு' என்று உள்ளது. அகராதியில் பார்த்தேன். 'ஜெனரல்' என்பதற்குப் படைத்தலைவர் என்ற பொருளும் உண்டு, பொதுவானது என்ற பொருளும் உண்டு. சான்றிதழில் உள்ளது இரண்டாவது. மதிப்பார்ந்த விடுவிப்பு பெற்றவர்களுக்கே படைவீரர் கல்வி உதவித்தொகை உண்டு. அப்பா இராணுவத்தில் சேர்ந்ததே அந்தப் படிப்புக்காகத்தான். இவ்வாண்டு ஜனவரியில் தடுப்பூசிக் கட்டாயம் திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சொல் திரும்பப் பெறப்படவில்லை.

3. இதுவன்றி, சேர்ந்தபோது தந்த ஊக்கத்தொகையில் மீதி இரண்டாண்டுக்குரிய ஆறாயிரம் டாலரைத் திருப்பிக் கேட்கிறார்கள். அந்தத் தொகையில் எங்கள் பழைய வேனை வாங்கியிருந்தோம். எங்களுக்குத் திரும்ப வரவேண்டிய வருமான வரிப் பணம் இந்த ஆண்டு அந்தக் கடனில் கழிந்துவிட்டது. கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா, "ஊரிலயே ஒரே வண்டிய ரெண்டு தடவ வாங்குன குடும்பம் நம்மதான்" என்றார். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

4. மின்கம்பப் பணியாளர் பயிற்சியில் அப்பாவுக்கு ஓர் இடம் கிடைத்துள்ளது. ஆகஸ்ட் முதல் தேதிக்குள் கட்டணம் செலுத்தாவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்களிடம் அந்தப் பணம் இல்லை. உதவித்தொகை கிடைத்தால் போதும்.

5. அம்மையீர், எங்கள் வீட்டில் யாரும் நிலைகொள்வதில்லை. அப்பா நின்றபடியே சாப்பிடுகிறார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த துணி துவைக்கும் இயந்திரத்தை இருமுறை பிரித்துப் பூட்டிவிட்டார். தபால் வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பும் சத்தம் கேட்டால், பேசிக்கொண்டிருப்பவர்கள் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறோம். படைமுகாமின் வேலி எங்கள் குடியிருப்புக்கு மிக அருகில் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குக் கொடி இறக்கும் ஊதல் கேட்கும். உள்ளே எல்லா வண்டிகளும் நிற்கும். வேலிக்கு இந்தப் பக்கம் யாரும் நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் அப்பா, கையில் இருப்பது கரண்டியானாலும் ஸ்பேனரானாலும், விறைத்து நின்றுவிடுகிறார். ஊதல் முடிந்ததும், யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்க்கிறார்.

6. மறுஆய்வு வாரியத்துக்குச் சென்ற நவம்பரில் விண்ணப்பித்தோம். ஒரு வரிசை எண் மட்டும் வந்தது. தங்களுக்கு அப்பாவே எழுத முயன்று மூன்று தாள்களைக் கிழித்தார். பிறகு, "நான் எழுதுனா சண்டைக்குக் கூப்புடுற மாதிரி இருக்கு. நீ எழுது, புத்தகப்புழு. உனக்குத்தான் பெரிய பெரிய வார்த்தையெல்லாம் தெரியும்" என்று தந்துவிட்டார். தாங்கள் விசாரிக்கத் தேவையான ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்திட்டுள்ளார். இத்துடன் இணைத்துள்ளேன்.

7. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் தம்பி கோல்பிக்கு ஆறு வயது. அம்மா சான்றிதழை உரக்கப் படித்த அன்று, மேசைக்கு அடியில் இருந்தவன் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டான். மறுநாள் பள்ளியில், "எங்கப்பா ஜெனரலாயிட்டாரு! அதான் வேலைக்கே போக வேண்டாம்!" என்று அறிவித்துவிட்டான். இது குடியிருப்பு முழுவதும் பரவியது. பக்கத்து வீட்டு சார்ஜென்ட் லஸ்க் இன்றும் சல்யூட் வைத்து, "ஜெனரல் அய்யா, குப்பத்தொட்டிய எப்ப வெளிய வைக்கிறதா உத்தேசம்?" என்கிறார். அப்பாவும் பதில் சல்யூட் வைக்கிறார். லஸ்க் நல்லவர், கேலிக்காகத்தான் சொல்கிறார். ஆனால் கதவைச் சாத்தியபின் அப்பா ஸ்பேனர்களை எடுத்து மறுபடி மறுபடி துடைத்து அடுக்குகிறார். கோல்பியிடம் உண்மையைச் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் 'பொதுவானது' என்பதற்கு விளக்கம் தர வேண்டும். அப்பாவின் நான்கு ஆண்டுகளுக்கு அந்தச் சொல் ஏன் என்று அவன் கேட்பான்.

ஆகவே, தாங்கள் வாரியத்திடம் விசாரித்து, ஆகஸ்ட் முதல் தேதிக்கு முன் என் தந்தையின் சான்றிதழில் 'ஜெனரல்' என்பது 'மதிப்பார்ந்த' என்று மாற ஆவன செய்ய வேண்டுகிறேன். அது மாறிய அன்றே கோல்பியை உட்கார வைத்து, அப்பாவின் ஜெனரல் பதவி போய்விட்டது என்று சொல்லிவிடுவேன். அவன் அழுவான். அந்த அழுகையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இடம்: ஹார்லன் ஃபெர்ரி
நாள்: ஜூன் 12, 2023

பதிலுக்குக் காத்திருக்கும்,
டெஸ்ஸா டக்கெட்

இணைப்பு: ஒப்புதல் படிவம், விடுவிப்புச் சான்றிதழ் நகல்.