கண்ணுக்கு வைத்த குறி

மார்ச் 3, செவ்வாய்

இரண்டில் ஒன்று. பதினாலாம் தேதிக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

கேமரா கடைக்காரர் இரண்டு லென்ஸையும் ஒரே துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். "ரெண்டையும் மாட்டிப் பாருங்க. ஒண்ணு எனக்குத் திரும்பி வந்தாகணும். ரெண்டும் உங்ககிட்டயே இருந்தா நீங்க படம் எடுக்க மாட்டீங்க, கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டே இருப்பீங்க" என்றார். மனுஷன் என்னை நன்றாகத்தான் படித்து வைத்திருக்கிறார்.

ஒன்று இந்தக் காலத்து லென்ஸ். முடி முடியாகப் பிரித்துக் காட்டும். இன்னொன்று பழைய மாதிரி. செய்தது போன வருடம், செய்முறை மட்டும் எழுபது வருடத்துக்கு முந்தையது. எதிர் வெளிச்சம் பட்டால் லேசாகக் கலங்கும், ஓரங்கள் மெத்தென்று கரையும். வீட்டுக்காரரிடம் இதை விளக்கினேன். "ஓ, கடையிலயே கிழிச்சு விக்கிற பேண்ட் மாதிரி" என்றார். அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

புதுசு, பழசு என்றே எழுதப் போகிறேன். கம்பெனிப் பெயரெல்லாம் எழுதினால் கை வலிக்கும்.

நூலகத்து மாடிச் சுவர் எனக்குக் கிடைத்திருக்கிறது. பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு வேலைகள். திறப்பு இருபத்தெட்டாம் தேதி. பத்தொன்பது வருடமாக ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்து வெட்டிக் கொடுக்கிறேன். சுவரில் மாட்டுகிற மாதிரி ஒன்று கூட எடுத்ததில்லை. இந்த முறை விடுவதாக இல்லை. பன்னிரண்டும் ஒரே லென்ஸில் இருக்க வேண்டும், ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. இந்த அவதியெல்லாம் அதற்காகத்தான்.

மார்ச் 5, வியாழன்

பஸ் டிப்போவில் மெக்கானிக்கை எடுத்தேன். நல்ல வெளிச்சம், நல்ல முகம், முப்பத்தாறு படம். முப்பத்தாறும் லென்ஸ் மூடியோடு!

என்னுடையது மாதிரி ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வைத்திருக்கிற எல்லாருக்கும் ஒரு நாள் இது நடக்கும் என்கிறார்கள். லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லையே. பக்கத்திலுள்ள சின்ன ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம். அதன் நடுவில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் இரண்டு பிம்பம். இரண்டும் ஒன்றானால் குறி சரி, அந்த இடம்தான் படத்தில் கூர்மையாக விழும். லென்ஸ் என்ன பார்க்கிறது என்பது ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். மூடி போட்டிருந்தாலும் ஜன்னலில் உலகம் ஜோராகத்தான் இருக்கும்.

மெக்கானிக்கிடம் மறுபடி வருகிறேன் என்றேன். "வாங்க, பஸ் எங்க போயிடப் போவுது" என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று அக்கா. பன்னிரண்டில் அவளும் ஒருத்தி. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் பேசுவதை எழுதுகிறாள். கடைசி ஆறு வருடம் இடது காதில் மெஷின் வைத்துக்கொண்டு எழுதுகிறாள். வலது காது அறவே போய்விட்டது. இது எனக்கும் மாமாவுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. முடியைக் காது மறைகிற மாதிரி வெட்டிக்கொண்டாள். ஆபீசில் புது ஸ்டைல் என்றார்களாம். "காது கேக்காத ஸ்டெனோவ யாரு வேலைக்கு வச்சிருப்பாங்க?" என்பாள். நானும் இதுவரை வாய் திறந்ததில்லை.

ஜன்னலோரம் உட்கார வைத்து, முதலில் புதுசில் எடுத்தேன். ஏதேதோ பேசிக்கொண்டே எடுத்தேன். பிறகு பழசை மாட்டினேன். வெயில் ஏறியிருந்ததால் லென்ஸ் துளையை இரண்டு கிளிக் குறைத்தேன். பேச்சை நிறுத்திவிட்டு அவள் கண்ணை மட்டும் கட்டத்துக்குள் பிடித்தேன். இரண்டு கண்ணும் ஒரு கண்ணாகிற அந்த நொடியில் அழுத்தினேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஐயோ.

பழசில் எடுத்ததைப் பெரிதாகப் போட்டுப் பார்த்தேன். கண் லேசாகக் கலைந்திருக்கிறது. காது கூர்மை. காது மட்டும். மெஷின், அதிலிருந்து உள்ளே போகிற கண்ணாடி மாதிரி ட்யூப், ட்யூபின் மேல் ஒரு சொட்டு வெளிச்சம்.

கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார்: இந்தப் பழைய செய்முறையில் துளையைக் குறைத்தால் குறி கொஞ்சம் பின்னால் நகர்ந்துவிடும், ஜன்னலில் அது தெரியாது. எனக்குத்தான் மறந்து போச்சு. கண்ணுக்கு வைத்தது காதில் விழுந்திருக்கிறது.

சரி, குறி தவறியது லென்ஸால். முடி எப்படி விலகியது? காலையிலிருந்து யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன். நான்தான். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் "முடிய ஒதுக்குங்க, காது தெரியணும்" என்று சொல்கிற வாய். அன்றைக்கு வாய் சும்மா இருந்தது, கை சும்மா இருக்கவில்லை. என் காதோர முடியைத் தள்ளிக் காட்டியிருக்கிறேன். அக்காதான் கையசைவையும் உதட்டையும் பார்த்தே காலம் தள்ளுகிறவளாயிற்றே. அப்படியே செய்துவிட்டாள். சே, என்ன பொம்பள நான்?

ஆனாலும் எழுதிவிடுகிறேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான். அவள் முகம் அவ்வளவு ஓய்வாக இருந்து பார்த்து எத்தனையோ வருடமாயிற்று.

மார்ச் 12, வியாழன்

பழசுதான். முடிவு.

அவளிடம் காட்டாமலே மாட்டிவிட்டால்? சுவரில் பார்த்தால் பிடித்துப் போய்விடும் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்ததைத்தான் எழுதுகிறேன். எழுதிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது. நாளைக்கே கொண்டுபோய்க் காட்டுவேன்.

மார்ச் 13, வெள்ளி

காட்டினேன். அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"நீதானேடி ஒதுக்கச் சொன்ன."

வேணும்னு செய்யலக்கா என்றேன். "வேணும்னு செஞ்சியோ வேணாம்னு செஞ்சியோ, இது செவுத்துக்குப் போச்சுன்னா எங்க கோர்ட்டே வந்து பாக்கும். அப்புறம் நான் எழுதின ஒவ்வொரு வரியையும் வக்கீலுங்க இழுப்பாங்க. இது சரியாக் கேட்டு எழுதினதா, தப்பாக் கேட்டு எழுதினதான்னு. அந்தப் பேரோட நான் அங்க உக்கார முடியுமா?"

நல்ல படம்கா என்று மட்டும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன்? அந்த நேரத்தில் அதையா சொல்வது?

மார்ச் 14, சனி

பழசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர், "நீங்க அதத்தான் வச்சுப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். நானும்தான்.

அது கையில் இருந்தால் ஆசையும் கையிலேயே இருக்கும். பன்னிரண்டையும் புதுசில் முடிப்பேன். தினம் ஒருத்தர், ஸ்டுடியோ திறக்கும் முன் ஒன்பது மணிக்குள்.

மார்ச் 17, செவ்வாய்

புதுசைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன். மெக்கானிக்கின் கட்டைவிரல் ரேகைக்குள் கிரீஸ் ஏறியிருப்பது தெரிகிறது. தையல்காரியின் உதட்டில் கவ்விய ஊசியை எண்ணலாம். படத்தைப் பார்த்துவிட்டு அவள், "மூக்குல இவ்வளவு குழி இருக்கா? கூடவே இருந்துக்கிட்டு எங்க வீட்டுக்காரர் சொல்லவே இல்ல பாருங்க" என்றாள். மிச்சம் எட்டு பேர்.

மார்ச் 21, சனி

அக்கா ஒரு வாரமாகப் போன் எடுக்கவில்லை. அவள் படத்தை அவள் பார்க்காமல் மாட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். புதுசில் எடுத்ததைக் கொண்டுபோனேன். முடி காதை மூடியிருக்கிறது, மெஷின் இல்லை. நிம்மதியாக இரு என்று சொல்லத்தான் போனேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். "இது யாருடி?" என்றாள்.

நெற்றியில் முடிச்சு. கழுத்து நரம்பு தெறித்து நிற்கிறது. கண் கேமராவில் இல்லை, அதற்குக் கீழே என் வாயில் இருக்கிறது. நான் பேசிக்கொண்டே எடுத்தேனே, அத்தனை பேச்சையும் அவள் என் உதட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த லென்ஸ் ஒன்றையும் விடவில்லை.

"தெனமும் எட்டு மணி நேரம் நான் இப்படியா உக்காந்திருக்கேன்?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"அப்ப நான் எதடி மறைச்சேன்? மெஷினத்தானே மறைச்சேன். மூஞ்சி ஊருக்கே சொல்லிக்கிட்டில்ல இருக்கு." அழுதாள். நானும்தான். கொஞ்சம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் படத்துல நல்லா இருந்தேன்ல?" என்றாள்.

அது நான் பேசாம இருந்தப்போ எடுத்தது, அக்கா என்றேன். "அதான். பதில் சொல்ல வேண்டியதில்ல, ஒண்ணுமில்ல" என்றாள்.

அந்தப் படத்தைக் கொடு என்று அவள் கேட்கவில்லை. நானும் எடுத்து நீட்டவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

அக்கா போன் செய்தாள். சாப்பாட்டு இடைவேளையில் நீதிபதியம்மாவின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாளாம்.

அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "மூணு வருஷமா சாட்சிகள உங்க எடது பக்கம்தான் நிக்க வைக்கிறேன். எதுக்குன்னு நெனச்சீங்க?" என்றாராம். மருத்துவச் சான்று ஒன்று கொடுத்துவிடுங்கள், முறைப்படி பதிந்துவிடலாம், இனி எனக்கும் ஒரு வேலை மிச்சம் என்றாராம்.

"வெளிச்சம் நல்லாருக்குன்னு அங்க நிக்க வைக்கிறாங்கன்னுல்ல நெனச்சேன்" என்று அக்கா சிரித்தாள். பிறகு அந்தப் படத்தையே மாட்டு என்றாள்.

லென்ஸ் மாறுமே, பதினொன்று ஒரு விதம், ஒன்று மட்டும் வேறு விதமாக நிற்குமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. நிற்கட்டும். ஒரு வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே முகமாகவா இருக்கிறார்கள்?

மார்ச் 28, சனி

திறப்பு முடிந்தது. கூட்டம். லென்ஸைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மெக்கானிக் தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று நாலு முறை போட்டோ எடுத்துக்கொண்டாள். அக்கா படத்தின் முன்னால் ஒரு அம்மாள், தன் சின்ன மகளைத் தூக்கிப் பிடித்து, காதைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தையின் காதிலும் ஒன்று இருந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் அக்காவிடம் ஏதோ கேட்டேன். கேட்காவிட்டால் தலையாட்டிச் சிரிப்பாள், இத்தனை வருடமும் அப்படித்தான். இன்று அவள் தலையாட்டவில்லை.

"கேக்கலடி. இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்றாள்.

பசிக்குதா என்றுதான் கேட்டிருந்தேன். அந்தப் பக்கம் போய் மறுபடியும் கேட்டேன்.