அண்டாவில் அடுக்கிய ரொட்டி

மீந்த்ராவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஸ்பெயினில் பழம் பறிப்பு முடிந்ததா? முதுகுவலி எப்படி இருக்கிறது?

போன மாதம் புக்காரெஸ்டிலிருந்து, நம் ரோமா மக்களை ஆராயும் பேராசிரியர் ஒருவர் வந்தார். முற்றத்தில் கவிழ்த்திருந்த செம்பு அண்டாவைப் பார்த்து, "கண்காட்சிக்கு வேணும், குடுங்கம்மா" என்று தூக்கிப்போனார். அது பாவாடை துவைக்கும் அண்டா; சாப்பாட்டுப் பக்கமே கொண்டுபோகக் கூடாத தீட்டுப் பாத்திரம். அந்நிய ஆணிடம் அதை எந்த வாயால் சொல்வது?

இன்று கண்காட்சிக்குப் போய்ப் பார்த்தேன். சாப்பாட்டு மேசைமேல் வைத்து, அதில் ரொட்டி அடுக்கியிருக்கிறார்கள். பக்கத்துப் பலகையில், நம்மைப் பற்றி, 'ஜிப்சிகள் சுத்தம் பார்ப்பதில்லை' என்று எழுதியிருக்கிறது. வெட்கத்தை விட்டுப் பேராசிரியரிடம் சொன்னேன். சிரித்தார்.

"உங்க ஆளுங்க இதெல்லாமா பார்ப்பாங்க? என் புத்தகத்துல அப்படி இல்லையேம்மா!"

நாளை திறப்பு விழா. சம்பந்தியம்மா வருகிறார். பெண் பார்க்க வந்த அன்று நான் அந்த அண்டாவில்தான் துவைத்துக்கொண்டிருந்தேன். அதன் நசுங்கிய விளிம்பு அவருக்கு நன்றாகத் தெரியும். அதில் ரொட்டி வைக்கும் வீட்டில் இனி யார் கை நனைப்பார்கள்?

"அம்மா, கல்யாணப் பாவாடைக்கு ரெண்டு வரிசை சரிகை போதுமா?" என்கிறாள் மீந்த்ரா. அண்டா விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது.

நாளை எல்லார் கண்முன்னும் ரொட்டியைக் கொட்டிவிட்டு நம் அண்டாவைத் தூக்கி வரப்போகிறேன். நம்மவர்களுக்குப் புரியும். மற்றவர்கள் 'ஜிப்சி திருடி' என்று கத்துவார்கள். என் படம் செய்தியில் வந்தால், அங்கே உங்கள் முதலாளியிடம் என்னைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.

மீந்த்ராவின் அம்மா