செண்பகாதேவிக்கு ஏறிச் சுகமாகத் திரும்பியதற்காக

தூத்துக்குடி
14.8.1973

கர்த்தருக்குள் பிரியமான மகன் ஜெயசிங்குக்கு அம்மா எழுதுவது. அவருடைய கிருபையால் நான் நல்ல சுகம், எனக்குச் சுகமில்லை என்று உனக்கு எழுதியவர்களும் சுகம். அங்கே நீயும் ரோஸும் பிள்ளைகளும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. செப்டம்பரில் லீவு போட்டு வருவதாகவும், நான் டீச்சர் வேலையை ராஜினாமா செய்ய வேண்டும் என்றும், வீட்டைக் காலி செய்து என்னைப் பிலாய்க்கே கூட்டிப் போய்விடுவதாகவும் எழுதியிருக்கிறாய். நான் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய்.

உன் ஞானையா மாமா எழுதியது பொய் இல்லை. குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்ததிலிருந்து நாலு சனிக்கிழமை தனியாகப் போய் வந்துவிட்டேன். முதல் பஸ்ஸில் திருநெல்வேலி, அங்கிருந்து தென்காசி வழியாகக் குற்றாலம். பேரருவியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கும்மாளம் போடுகிற கூட்டத்தில் நான் நிற்பதில்லை, அதற்கு மேலே காட்டுக்குள் ஏறிச் செண்பகாதேவி அருவிக்குப் போகிறேன். வழியில் ஒரு பாறையில் நின்றால் தென்காசிப் பக்கத்து வயலும் குளமும் எல்லாம் காலுக்குக் கீழே கிடக்கிறது. நம் ஊரில் ஏறி நிற்க உப்பு அம்பாரத்தை விட்டால் வேறு உயரம் ஏது. ஐம்பத்திரண்டு வயதில்தான் எனக்கு ஊரை மேலேயிருந்து பார்க்கக் கிடைத்திருக்கிறது. இரண்டாம் தடவை பாசியில் வழுக்கி முழங்கை சிராய்த்தது, குரங்கு என் இட்லிப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டது, இவற்றை மாமா எழுதாமல் விட்டிருந்தால் நானே எழுதிவிடுகிறேன். அங்கே அம்மன் கோயில் இருக்கிறது என்பது அவருக்கு இன்னொரு குறை. அந்த மலையை உண்டாக்கினது யார் அண்ணா என்று கேட்டேன். பொம்பள தனியா காட்டுக்குள்ள போனா ஊரு என்ன சொல்லுமுளா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

போனவர் சும்மா இருந்தாரா. போன மாதம் ஆலயத்தில் ஜெப விண்ணப்பப் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் போட்டிருக்கிறார். குருவானவர் வழக்கம்போல வாசித்தார், மனம் கலங்கி அருவிக்கரைகளில் தனியே அலைகிற ஒரு விதவைச் சகோதரி தன் ஜீவனுக்குத் தானே தீங்கு செய்துகொள்ளாதபடி ஜெபிப்போம் என்று. பேர் போடவில்லை, பேர் எதற்கு, நம் சபையில் அருவிக்குப் போகிற விதவை எத்தனை பேர். பெண்கள் பக்கம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நானும் எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னேன். அடுத்த சனிக்கிழமையும் மலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல், ஜீவமணி டீச்சர், செண்பகாதேவி அருவிக்குத் தனியாக ஏறிச் சுகமாகத் திரும்பியதற்காக, என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பிள்ளை பாஸானதற்கு, மாடு கன்று போட்டதற்கு எல்லாம் வாசிக்கிறவர் இதை வாசிக்காமல் விட முடியுமா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். மாமா பாட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் பெண்கள் சங்கத்து இன்பமணி என் கையைப் பிடித்து, அங்கன போயி என்னதாம் பண்ணுதிய டீச்சர் என்று கேட்டாள். ஒண்ணும் பண்ணல, அதுக்குத்தான் போறேன் என்றேன்.

உனக்கு மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். அப்பா போன பிறகு இரண்டு வருஷம் என்னை யாரும் ஒரு நாழிகை தனியே விடவில்லை. நல்ல மனதோடுதான் வந்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அழுதால் விசுவாசம் இல்லை என்றார்கள், அழாவிட்டால் கல் நெஞ்சு என்றார்கள். மலையில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் நான் எவ்வளவு அழுதாலும் ஆறுதல் சொல்ல ஒருவரும் இல்லை, அதுதான் எனக்கு ஆறுதல். சாவதற்குத் தண்ணீர் தேடி நான் எழுபது மைல் போக வேண்டியதில்லை ராஜா, பின்கட்டில் உப்புக் கிணறு இருக்கிறது. அந்த இரண்டு வருஷமும் வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போதே நான் அதன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. அப்போது ஒருவரும் சீட்டு எழுதிப் போடவில்லை. இப்போது கிணற்றடிக்குத் தண்ணீர் இறைக்க மட்டும்தான் போகிறேன். இந்த மலையை விட்டுவிட்டுப் பிலாய்க்கு வா என்கிறாய்.

லீவு போட்டது போட்டதுதான், வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போ. பிள்ளைகளுக்குக் கருப்பட்டியும் மஸ்கோத்து அல்வாவும் வாங்கி வைக்கிறேன். ரோஸுக்கு அடிக்கடி தலைவலி என்று எழுதியிருக்கிறாய், அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், கண்ணைக் காட்டச் சொல். கர்த்தர் உங்கள் எல்லாரையும் குறைவில்லாமல் நடத்துவாராக. வருகிறபோது மறக்காமல் எனக்கு ஒரு கான்வாஸ் ஷூ வாங்கி வா, அளவு ஐந்து, அடி வழுக்காததாகப் பார்த்து வாங்கு.

உன் அன்புள்ள அம்மா,
ஜீவமணி